உதவ வரும் கரங்களைத் தடுக்கலாகாது
(தோட்ட மக்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

 

விபத்து நேர்ந்த இடத்திற்கு ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வரும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அண்டை நாடான சிங்கப்பூரில், ஞாயிறுதோறும் நம்மவர் கூடும் தேக்கா வட்டாரத்தில் நிகழ்ந்த ஒரு துயரச் சம்பவம் இதற்குத் தக்க பாடமாக அமைந்துள்ளது.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு ஒன்பது மணி கடந்திருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களை விடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்து ஒன்றின் சக்கரத்தில் சிக்கி, 33 வயதுத் தமிழகத் தொழிலாளி ஒருவர் மாண்டார். பிழைப்பு நாடிக் கடல் கடந்து வந்தவர் அவர். அம்மரணம் எவர் நெஞ்சையும் உருக்கும்.

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையினர் விரைந்து வந்தனர். உடலோ பேருந்தின் அடியில் சிக்கியிருந்தது. உயிர் பிரிந்துவிட்டதை மருத்துவ உதவியாளர் உறுதி செய்தார். உடலைச் சிதையாமல் மீட்க நேரம் தேவைப்பட்டது. இதற்கிடையே, கூட்டத்தின் சினத்திற்கு ஆளாகியிருந்த ஓட்டுநரையும், பேருந்துப் பணியில் இருந்த பெண்மணியையும் காக்கும் கடமையும் அவர்களுக்கு இருந்தது.

தொலைவில் நின்றவர்களுக்கு இவை விளங்கவில்லை. “நம்மவன் சக்கரத்தடியில் கிடக்கிறான், இவர்களோ ஓட்டுநரைக் காப்பாற்றுகிறார்களே!” என்று எண்ணினர். கற்களும் புட்டிகளும் பறந்தன. மாண்டவரின் உடலை மீட்டுக்கொண்டிருந்தவர்கள் மீதே அவை விழுந்தன! காவலர்கள் கேடயம் பிடிக்க, அதன் மறைவில் அவர்கள் தம் பணியை முடித்தனர். அன்றிரவு அதிகாரிகள் 54 பேர் காயமுற்றனர். அரசு வாகனங்கள் 23 சேதமடைந்தன. எரிந்துபோனவற்றுள் ஆம்புலன்ஸ் ஒன்றும் இருந்தது. இருபத்தைந்து பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாடு திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுடைய குடும்பங்கள் பட்ட துன்பத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. மீட்புப் பணியைப் பற்றிய தவறான எண்ணமும் மதுவும் கலவரத்திற்குக் காரணங்களாக அதில் கூறப்பட்டன. அக்கூட்டத்திலும் கல்லெறிந்தோரைத் தடுக்க முயன்ற நல்லோர் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

தோழர்களே! மீட்புப் பணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உரக்க அலறுபவரை விட்டு, மூச்சுத் திணறிப் பேச்சற்றுக் கிடப்பவரை முதலில் கவனிப்பார்கள். முதுகெலும்பில் அடிபட்டவரை உடனே தூக்கமாட்டார்கள். அவசரத்தில் அசைத்தால் கைகால் செயலற்றுப்போகக்கூடும். பார்ப்பவர்க்கு இது தாமதமாகத் தோன்றும். உண்மையில் அதுவே சிகிச்சை.

நம் தோட்டங்கள் பட்டணத்திற்குத் தொலைவில் உள்ளவை. ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகலாம். ஆகவே, 999-ஐ அழைத்தவுடன் தோட்டத்தின் பெயரையும் வழியையும் தெளிவாகக் கூறுங்கள். ஒருவர் டார்ச்லைட்டுடன் பெரிய சாலைச் சந்திப்பில் நிற்கட்டும். கூட்டத்தை விலக்கி வழிவிடுங்கள். மது அருந்தியவரை அப்பால் அழைத்துச் செல்லுங்கள். உறவினர் ஒருவர் மட்டும் ஊழியரிடம் பேசினால் போதும்.

குறை இருப்பின் கேட்பது நம் உரிமை. மறுநாள் மருத்துவமனையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். தொழிற்சங்கத்தின் உதவியையும் நாடுங்கள். ஆனால், அடிபட்டவருக்கு அருகில் ஊழியர் குனிந்திருக்கும் வேளை அதற்குரியதன்று. அவர்மீது ஓங்கும் கை, அடிபட்டுக் கிடக்கும் நம் சகோதரனுக்கு வரும் உதவியையே தடுக்கிறது.

இதனை உங்கள் பிள்ளைகளுக்கும் எடுத்துக் கூறுமாறு வேண்டி அமைகிறேன்.