ஏறியவன் சொல்லும் ஏட்டில் ஏறும் வழியும்
(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



கடலும் வாவியும் மணலுமாய்க் கிடக்கும் கதிரவெளியிலே நின்று பனிமலை ஏறுவோரைப் பற்றிப் பேசப் புகுந்தால், இஃதென்ன வீண் பேச்சு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். பேச்சு முடியுமுன் நம் பக்கத்துக் காடுகளுக்கே திரும்பி வருவோம்.

பந்தாட்டத்துக்கு நடுவர் உண்டு. பார்ப்பவர் கூட்டமும் உண்டு. மலையுச்சியில் இவை இரண்டும் இல்லை. இருவர் போகின்றனர்; புதிய வழியொன்றில் ஏறினோம் என்று வந்து சொல்லுகின்றனர். அதை உலகம் எங்ஙனம் அறியும்? மலையேறுவோர் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சஞ்சிகைகளாலேதான். இலண்டன் அல்பைன் சங்கம் 1857இல் தோன்றியது. அதன் சஞ்சிகை 1863 முதல் வருகிறது. இமாலயச் சங்கம் 1928இல் டில்லியில் அமைந்தது. அதன் சஞ்சிகைக்கு 1929இல் முதற் பத்திராதிபராய் இருந்தவர் நிலஅளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த கெனத் மேசன். அமெரிக்கச் சங்கத்தின் சஞ்சிகையும் அதே 1929இல் தொடங்கியதுதான்.

எல்லா ஏற்றங்களும் இவற்றில் இடம்பெறுவதில்லை. பட்டினத்தருகே ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கக்கூடிய சிறு பாறைகளை உள்ளூர் வழிகாட்டி நூல்களுக்கு விட்டுவிடுவர். உயர்ந்த சுவர், தொலைவான மலைத்தொடர், இதுவரை எவரும் ஏறாத பக்கம், இவையே முதலில் வேண்டப்படுவன. 2016 மே 21இல் நம் நாட்டு ஜெயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது இலங்கை முழுவதும் மகிழ்ந்தது, மகிழ்ந்ததும் முறையே. ஆனால் அவர் சென்றது 1953இல் ஹிலறியும் தென்சிங்கும் சென்ற வழி. புதுவழி தேடும் பத்திராதிபருக்கு அதில் அச்சிட ஒன்றுமில்லை. அதே பத்திராதிபர், பெயர் தெரியாத சிகரமொன்றில் பாதி தூரம் ஏறித் திரும்பியவனின் கடிதத்தை ஆவலோடு வாங்கிப் போடுவார். எந்த இடத்தில் நின்றான், ஏன் திரும்பினான் என்பது அடுத்து வருபவனுக்கு வேண்டுமல்லவா? இந்த வழக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. தோற்றவனுக்கும் பக்கம் ஒதுக்கும் பத்திரிகைகள் உலகில் பல இல்லை.

இனி உண்மையை அறிவது எப்படி? ஏறியவன் சொல்லை நம்புவதே பழைய மரபு. அம்மரபு ஒருமுறை பெரிதும் ஆட்டங் கண்டது. தென்னமெரிக்காவின் பற்றகோனியாவில் செரோ தோரே என்றொரு கற்கோபுரம் உண்டு. 1959இல் இத்தாலியரான சேசரே மாயெஸ்திரி, தோனி எக்கர் என்பவரோடு அதன் உச்சியை அடைந்ததாகக் கூறினார். எக்கர் இறங்கும்போது பனிச்சரிவில் மாண்டார், படப்பெட்டியும் அவரோடு போயிற்று என்றார் மாயெஸ்திரி. மாண்டவர் துணையாய் நிற்க, பலரும் நம்பினர். 2004இல் றோலண்டோ கரிபொத்தி என்பவர் மாயெஸ்திரியின் பேச்சுகளையும் எழுத்துகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முரண்பாடுகளை அமெரிக்கச் சஞ்சிகையில் நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். மறு ஆண்டு அவரும் இரு தோழரும் அப்பக்கமாகவே ஏறினர். கீழ்ப்பகுதிக்கு மேலே ஓர் ஆணியோ கயிறோ கிடைக்கவில்லை. 2021இல் இறக்கும்வரை மாயெஸ்திரி தம் சொல்லை மாற்றவில்லை. முதல் ஏற்றத்தின் பெருமையோ இன்று 1974இல் ஏறிய வேறோர் இத்தாலியக் குழுவுக்கே தரப்படுகிறது.

ஆகவே இக்காலப் பத்திராதிபர் படம் கேட்கிறார். படத்தின்மேல் ஏறிய வழியைக் கோடிட்டுக் காட்டச் சொல்கிறார். அம்மலையை அறிந்த வேறொருவரிடமும் விசாரிக்கிறார். நன்று.

ஆயினும் எழுதத் தெரியாதவன் கதி என்ன? 1860இல் இந்திய நிலஅளவைப் பகுதியின் கலாசி ஒருவர், அளவைக்கான கம்பத்தைச் சுமந்துகொண்டு இமயத்துச் ஷில்லா சிகரத்தில் ஏறினார் என்பர். அதன் உயரம் 7,000 மீற்றருக்கு மேல் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பின்னர் அளந்தபோது 6,132 மீற்றராயிற்று. உயரத்தை அளந்து திருத்தினார்கள். ஏறியவர் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

நம் நாட்டு வேடரை எடுத்துக்கொள்ளுங்கள். செங்குத்தான பாறைகளில் கொடியேணி கட்டித் தொங்கி, மலைத்தேன் எடுத்தவர்கள் அவர்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியுள்ளனர். இது மலையேற்றம் இல்லையென்றால் வேறெது? சில பத்திராதிபர்கள் இக்காலத்தில் "முதல் ஏற்றம்" என்று எழுதாமல் "பதிவான முதல் ஏற்றம்" என்று எழுதுகின்றனர். அந்த ஒரு சொல்லில் நேர்மை இருக்கிறது.

நாளைக்குக் குடும்பிமலைப் பக்கத்துப் பாறையொன்றில் வெளியூரார் ஒருவர் ஏறிப் புதுவழி என்று எழுதியனுப்பினால், பத்திராதிபர் தம் பழைய ஏடுகளைத்தான் புரட்டுவார். வாகரைப் பக்கத்து வேடர் குடிப் பெரியவரிடம் வந்து கேட்க அவருக்கு வழியில்லை. நமக்கு உண்டு. எந்தப் பாறை, எந்தப் பக்கம், ஏணிக்கு எந்தக் கொடி, யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று இளைஞர் இருவர் ஒரு கொப்பியோடு போய்க் கேட்டு எழுதி வரட்டும். சொன்னவர் பெயரையும் அவர் இசைவோடு எழுத வேண்டும். அடுத்த மலரில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கித் தருமாறு மலர்க் குழுவினரை இப்போதே கேட்டுக்கொள்கின்றோம்.