இளம் பெண்களின் முகத்தில் வளரும் முடி

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் ஞாயிறு பின்னேரம் நடந்த மகளிர் கூட்டத்தில் எமது நலப் பணிக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாங்கள் பிரஷரைப் பற்றியோ பிள்ளைகளின் நிறையைப் பற்றியோ பேச வரவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது "எதைப் பத்திப் பேசப் போறீங்க?" என்று சிலர் கேட்டீர்கள். நாங்கள் நேராகப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டீர்கள். யார் கட்டாயம் வர வேண்டுமோ அவர்கள் வந்தே இருக்க மாட்டார்கள். பொம்பளைப் பிள்ளைகளின் மேலுதட்டிலும் நாடியிலும் கன்னத்திலும் வளரும் முடியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள். நாங்கள் பொறுத்திருக்கிறோம்.

சில காலத்துக்கு முன் ஒரு கிளினிக் நாளில் எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை மட்டும் கதவோரம் நின்றாள். பனிக்காலமும் இல்லை. ஆனாலும் சால்வையை வாய் மறையச் சுற்றியிருந்தாள். "என்னம்மா?" என்று கேட்டதும் அழுதுவிட்டாள். "மிஸ், ஆம்பளைக்கு வளர்ற மாதிரி எனக்கு வளருது. இதுக்கு மருந்து இருக்கா?" என்றாள். வயது பத்தொன்பது. அவளுடைய பெயரையும் தோட்டத்தையும் சொல்ல மாட்டோம். அவளிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் கதையைச் சொல்கிறோம்.

அவள் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் மடியில் இருந்த பிள்ளை அவள் முகத்தைத் தொட்டு, "டீச்சர், ஒங்களுக்கு ஏன் மீசை?" என்று கேட்டிருக்கிறது. பிள்ளைக்கு ஒரு கள்ளமும் இல்லை. இவள் மறுநாள் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துகொண்டாள். மலைக்குப் போனால் தலைத்துண்டைக் கீழே இழுத்துவிடலாம், முகத்தை யாரும் கிட்ட வந்து பார்க்க மாட்டார்கள், அதுதான் காரணம். கொழுந்தெடுப்பது ஒன்றும் குறைந்த வேலை இல்லை. ஆனால் விரும்பிய வேலையை நாலு முடிக்காக விட்டது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

லயத்துக் காம்பராவில் ஏழு பேர் படுக்கிற இடத்தில், ஒரு பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் தனியே நிற்பதற்கு இடமேது? விடிய முன்பே எழும்பி, அப்பாவின் பழைய பிளேட்டை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய் இருட்டில் வழித்திருக்கிறாள். இரண்டு தரம் வெட்டுப்பட்டிருக்கிறது. பிறகு டவுனில் ஒரு கடையில் சின்ன டப்பியில் ஒரு கிரீம் வாங்கியிருக்கிறாள். "முகமும் வெளுக்கும், முடியும் உதிரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். டப்பியில் செய்தவர் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. முதல் மாதம் முகம் பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் தோல் மெலிந்து சிவந்தது, பரு வந்தது. முடியோ முன்பை விடக் கூடியது!

அது ஏன் என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பெயரில்லாத வெள்ளைக் கிரீம்கள் பலவற்றில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்பவை அந்த இனம். சொறி, கிரந்திக்கு வைத்தியர் சில நாளைக்கு எழுதிக் கொடுக்கிற மருந்தை முகத்தில் மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலியும், நரம்பு தெரியும், பூசிய இடத்தில் முடி வளரும். முடியை மறைக்க வாங்கிய கிரீமே முடியை வளர்த்துவிட்டது. இன்னொரு பொல்லாத குணமும் உண்டு. சட்டென்று நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும், அந்த எரிச்சலுக்காகவே திரும்பப் பூசத் தோன்றும். இப்படியான டப்பி யார் வீட்டிலாவது இருந்தால் அடுப்பில் போடாதீர்கள். அதையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எதைப் பூசினீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

கிரீமை நம்பி ஏமாறுவது நம் ஆட்களுக்கு மட்டும் வந்த புத்தி என்று நினைக்க வேண்டாம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'கோரம்லு' என்ற பெயரில் முடி அகற்றும் கிரீம் ஒன்று விற்றார்கள். அதில் இருந்தது தாலியம், அந்தக் காலத்தில் எலிக்கு வைத்த நஞ்சு. பூசிய பெண்களுக்குத் தலைமுடியே கொட்டியது, சிலருக்குக் கால் விளங்காமல் போனது. படித்தவர்கள் நிறைந்த நாட்டில்தான் இது நடந்தது. அந்த நாட்டில் அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் 1938இல்தான் வந்தது.

சரி, முடி ஏன் வளருகிறது? உள்ளங்கை, உள்ளங்கால், உதடு தவிர மனித உடம்பில் எங்கும் முடி உண்டு. பெண்ணின் முகத்தில் இருப்பது பூனை முடி, மெல்லியது. ஆண்களுக்குரியது என்று சொல்கிற ஓமோன் பெண்ணின் உடம்பிலும் கொஞ்சம் சுரக்கும். அது கூடினாலோ, முடியின் வேர் அதற்குக் கூடுதலாக இணங்கினாலோ பூனை முடி தடித்துக் கறுக்கும். பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருவது. அம்மாயிக்கு இருந்திருக்கும், அத்தைக்கு இருந்திருக்கும், அவ்வளவுதான். மாதாமாதம் தவறாமல் வருகிறது, வேறு தொந்தரவு இல்லை, மேலுதட்டில் மட்டும் கொஞ்சம் முடி என்றால் அது நோயே இல்லை. வயிற்றில் இருக்கும்போது தாய் எதையோ சாப்பிட்டதால் வந்தது, சின்ன வயதில் மஞ்சள் பூசாததால் வந்தது என்று மருமகளை ஏசுகிற மாமிமார் இங்கேயும் இருக்கிறீர்கள். தயவு செய்து அதை விட்டுவிடுங்கள்.

எடுக்க விரும்புகிறவர்கள் எடுக்கலாம். விரும்பாத பிள்ளையை "எடுத்துட்டு வா" என்று வற்புறுத்த ஒருவருக்கும் உரிமை இல்லை.

பிளேட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். "வழிச்சா இன்னும் மொத்தமா வளரும்" என்று எல்லோரும் சொல்கிறோம். கவ்வாத்து வெட்டிய தேயிலை தழைத்து வருவதைத் தினமும் பார்க்கிறவர்கள் நாம், அதனால் அப்படி நம்புவதும் இயற்கைதான். ஆனால் தேயிலைச் செடிக்கு வெட்டிய இடத்தில் உயிர் இருக்கிறது. தோலுக்கு மேலே நிற்கிற முடிக்கு உயிர் இல்லை. உயிர் இருப்பது உள்ளே, வேரில். பிளேட் வேரைத் தொடுவதே இல்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரவென்று படும், கறுப்பாகத் தெரியும். 1928இலேயே மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளர் ஆண்களின் தாடியைச் சவரம் செய்து அளந்து பார்த்து, சவரத்தால் முடி தடிப்பதுமில்லை, வேகமாக வளர்வதுமில்லை என்று எழுதிவிட்டார். ஆகவே வழிப்பது குற்றமில்லை. அப்பாவின் பிளேட்டிலும் அண்ணனின் ரேசரிலும் வழிப்பதுதான் குற்றம். ஒருவர் இரத்தம் பட்ட பிளேட்டால் மற்றவருக்கு ஈரல் அழற்சிக் கிருமி தொற்றலாம். தனக்கென்று ஒரு ரேசர், முகத்தைச் சவர்க்காரம் போட்டு நனைத்த பிறகு, முடி வளர்கிற பக்கமாகவே, வெளிச்சத்தில். இருட்டில் வேண்டாம்.

நூல் போடுவது நல்ல முறை, செலவும் குறைவு. கூட்டாளிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் போட்டுவிடலாம். கையைக் கழுவ வேண்டும், ஆளுக்கு ஆள் புது நூல் எடுக்க வேண்டும், வாயில் நூலைக் கடித்துப் பிடிக்கிற பழக்கத்தை விட்டு கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து வந்து பின்னேரத்தில் போடுங்கள். நூல் போட்ட முகத்தோடு உடனே மலைக்குப் போனால் வியர்வையும் வெயிலும் பட்டுப் பருக்கள் வரும். உரம் போட்ட கையால், மருந்தடித்த கையால் அந்த முகத்தைத் தொடவே கூடாது.

பார்மசியில் விற்கிற முடி அகற்றும் கிரீம் முடியைக் கரைத்து எடுப்பது. தோலையும் கொஞ்சம் அரிக்கும். காலுக்கு என்று எழுதியிருப்பதை முகத்துக்குப் போட வேண்டாம். முகத்துக்கென்றே உள்ளதையும் முதலில் கையில் ஒரு பொட்டளவு பூசி ஒரு நாள் பாருங்கள். போட்டிருக்கிற நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மெழுகு போட்டு இழுப்பதில் சூடு பட்டுக் கன்னம் வெந்த கதைகள் உண்டு. வீட்டில் முயல வேண்டாம். அடுப்புச் சாம்பல் தேய்ப்பதும் வேண்டாம். கஸ்தூரி மஞ்சள் பூசுகிறவர்கள் பூசுங்கள், ஆனால் தடித்த முடியின் வேர் அதற்கு அசையாது. லேசர் என்று டவுன்களில் விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்யும், ஆனால் பல தடவை போக வேண்டும், சல்லி நிறையப் போகும். எமது கறுத்த தோலுக்குப் பொருந்தாத இயந்திரத்தால் சுட்டால் தழும்பு விழும். தோல் வைத்தியரைக் கேட்காமல் சீட்டுப் பணத்தை அதில் கொட்ட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அந்தப் பிள்ளையிடம் நாங்கள் கேட்ட முதல் கேள்வி முடியைப் பற்றியது அல்ல. "மாதாமாதம் வருதா?" என்றுதான் கேட்டோம். பதில் இல்லை. பிறகு மெல்லச் சொன்னாள்: நாலு மாதத்துக்கு ஒரு தரம், சில நேரம் ஐந்து மாதம். அம்மாவுக்குத் தெரியும். "கல்யாணம் முடிஞ்சா சரியாகும், வெளியில சொல்லாத" என்று சொல்லியிருக்கிறார். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடும் என்ற பயம்.

பெரிய பிள்ளையாகி முதல் இரண்டு மூன்று வருடம் நாள் முன்பின்னாவது வழமை. அதற்குப் பிறகும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால், வருடத்துக்கு எட்டுத் தரம்கூட வராவிட்டால், அதோடு முகத்தில் முடியும் பருவும் இருந்தால், சூலகத்தைப் பார்க்க வேண்டும். சின்னச் சின்னப் பைகள் போல் ஸ்கேனில் தெரியும் ஒரு குறைபாடு இது. 'பீசிஓஎஸ்' என்று வைத்தியர்கள் சொல்வார்கள். அரிதானது இல்லை. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இருந்தது. பருத்தவர்களுக்குத்தான் வரும் என்றில்லை, மெலிந்த பிள்ளைகளுக்கும் வரும். கவனிக்காமல் விட்டால் பின்னுக்குச் சீனி வியாதி வர இடமுண்டு. வருடக்கணக்கில் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, வயது போனபின் புற்றுநோய் வரைக்கும் போகலாம். பிள்ளை பிறக்காது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். இந்தக் குறையோடு தாயானவர்கள் ஏராளம். கொஞ்சம் பிந்தலாம், மருந்தின் உதவி தேவைப்படலாம்.

நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்குகிற உங்களிடம் "தினமும் நடங்கள்" என்று சொன்னால் எங்களைப் பார்த்துச் சிரிப்பீர்கள். ஆனால் பிளேன்டீயில் அள்ளிப் போடுகிற சீனியையும், மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியையும் குறைக்கச் சொல்ல எங்களுக்கு நியாயம் இருக்கிறது.

அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். வைத்தியர் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. அன்று இரவே வீட்டில் சண்டை. "கல்யாணமாகாத புள்ளைக்கு இந்த மாத்திரையா? லயத்துல நாலு பேர் என்னா பேசுவாங்க?" என்று அப்பாயி மாத்திரையைத் தூக்கி வீசிவிட்டார். நாங்கள் மறுநாள் போனோம். திட்டு வாங்கினோம். அதற்கு அடுத்த கிழமையும் போனோம். அந்த மாத்திரை கூடிப்போன ஓமோனைக் குறைக்கிறது, மாத வருகையை ஒழுங்காக்குகிறது, பெட்டியில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் இவளுக்கு அது மருந்து என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். நிறுத்திய பிறகு பிள்ளை பெறுவதை அது தடுக்காது என்றும் சொன்னோம். கடைசியில் அப்பாயி கேட்டது ஒரே கேள்வி: "எழுதிக் குடுத்தது லேடி டாக்டரா?" ஆமாம் என்றதும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஆனால் ஒருத்திக்குக் கொடுத்ததை மற்றவள் வாங்கிக் குடிக்கக் கூடாது. பிரஷர் உள்ளவர்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், காலில் இரத்தம் கட்டியவர்களுக்கு அது ஆபத்து. இன்னொன்று, ஒரு மாதத்தில் முடி கொட்டிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது வேண்டும். அதுவரை நூலும் ரேசரும்தான் துணை.

காத்திருக்கக் கூடாத ஆட்களும் உண்டு. சில மாதத்துக்குள்ளே முடி மளமளவென்று வளர்ந்து, குரலும் தடித்து, நெற்றிப் பக்கம் தலைமுடி ஏறினால் கிளினிக் நாள் வரை இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிப்புக்கு மாத்திரை குடிக்கிறவர்களுக்கும் சில மருந்தால் முடி கூடலாம். அவர்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள், மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதை வாசிக்கிற ஆண்களுக்கும் ஒன்று. பஸ் ஹோல்டில் நின்று "மீசைக்காரி" என்று கூப்பிடுகிற பொடியன்மார் யாருடைய பிள்ளைகள் என்பது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வருகிற கிளினிக்குக்கு வருகிற பிள்ளைகள் ஒரு வேலை செய்து வாருங்கள். வீட்டிலுள்ள கலண்டரில் மாத வருகை நாளைச் சுற்றி வட்டம் போட்டு, கடைசி ஆறு மாதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். மருத்துவ மாது தனி அறையில் பார்ப்பார், கதவு சாத்தியிருக்கும். போன கிளினிக்கில் அந்தப் பிள்ளை அப்படித்தான் ஒரு கோயில் கலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். மூன்று மாதம், மூன்று வட்டம். நாடியில் முடி இன்னும் இருக்கிறது. சால்வை தோளில் கிடந்தது. முன்பள்ளியில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள், நாங்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.