பேக்கப் இருக்கு, ரெஸ்டோர் ஆகுமா?

இந்த வாரம் வேற ஒரு எபிசோட் வந்திருக்கணும். அதோட ஆடியோ இருந்த ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாரம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி செத்துப்போச்சு. அதனால அந்த எபிசோடுக்குப் பதிலா, அந்த டிஸ்க் செத்த கதை.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஆதம்பாக்கத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து எடிட் பண்ணிட்டு இருக்கேன். கரண்ட் ஒரு தடவை போய் வந்துச்சு. மெஷினை ஆன் பண்ணினா உள்ளேருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக். பல்லி கத்துற மாதிரி, ஆனா ஒரே தாளத்துல. இந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்கு வயிறு கலங்கும். கேட்காதவங்களுக்குச் சொல்றேன்.

ஹார்ட் டிஸ்க் உள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுத்தும். அதுக்கு மேல ஒரு சின்னத் தலை தட்டைத் தொடாம மிதந்துக்கிட்டே படிக்கும். நடுவுல இருக்குற இடைவெளி நம்ம தலைமுடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது. அந்தத் தலையால படிக்க முடியலன்னா ஒதுங்கிப் போய் மறுபடி வரும், திரும்ப ஒதுங்கும். அதான் அந்த டக் டக்.

அந்த நேரத்துல செய்யவேண்டியது ஒண்ணுதான்: பவரை ஆஃப் பண்ணணும். நான் என்ன செஞ்சேன்? மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணினேன். அஞ்சு வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்குறவன், ரிமோட்டைத் தட்டுற மாதிரி கேபினெட்டை ஒரு தட்டும் தட்டினேன். வெட்கமா இருக்கு, ஆனா உண்மை.

மறுநாள் லீவு போட்டுட்டு ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு புது டிஸ்க் வாங்கிட்டு வந்தேன். பென் டிரைவ்லேருந்து லினக்ஸ் பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூன்னு ஒரு புரோகிராம் ஓட்டினேன். இது ரொம்பப் புத்திசாலியான புரோகிராம். நல்லா இருக்குற பகுதியை எல்லாம் முதல்ல வேகமா காப்பி எடுத்துக்கும். கெட்ட இடம் வந்தா அங்க முட்டிக்கிட்டு நிக்காம தாண்டிப் போயிடும். கடைசியில திரும்பி வந்து அந்த ஓட்டைகளை மட்டும் முயற்சி பண்ணும். சாகப்போற டிஸ்க்குக்கு மிச்சம் இருக்குற ஆயுசு கொஞ்சம்தான், அதை வீணாக்கக் கூடாதுங்குறதுதான் இதுக்குப் பின்னாடி இருக்குற யோசனை. அதனாலதான் சாகுற டிஸ்க் மேல நேரடியா ரிப்பேர் டூல் எதையும் ஓட்டக் கூடாது. முதல்ல காப்பி, ரிப்பேர் எல்லாம் அந்தக் காப்பி மேல.

ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. அப்புறம் டிஸ்க்கே மெஷினுக்குத் தெரியலை. திரும்ப ரிச்சி தெரு. டேட்டா ரெகவரி பண்ற ஒருத்தர் காதுகிட்ட வச்சுக் கேட்டுட்டு, “தலை போயிருக்கு தம்பி. இதே மாடல்ல இன்னொரு டிஸ்க் தேடி, அதோட தலையை எடுத்து இதுல மாட்டணும். கேரண்டி கிடையாது”ன்னார். அவர் சொன்ன ரேட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கலாம்.

அப்பவும் நான் பெருசா பதறலை. ஏன்னா என்கிட்டதான் பேக்கப் இருக்கே! ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி எல்லாத்தையும் அதுல காப்பி பண்ணும். தினமும் காலைல ‘பேக்கப் வெற்றி’ன்னு போனுக்கு மெசேஜ் வரும். செவ்வாய்க்கிழமை காலைலகூட வந்துச்சு.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகித் திறந்தேன். கடைசி ஃபோல்டரோட தேதி ஏழு மாசத்துக்கு முன்னாடி.

என்ன ஆச்சுன்னா, ஏழு மாசம் முன்னாடி நான் லினக்ஸைப் புதுசா இன்ஸ்டால் பண்ணினேன். அதுக்கப்புறம் எக்ஸ்டர்னல் டிஸ்க் வேற ஒரு பேர்ல மவுன்ட் ஆக ஆரம்பிச்சிருக்கு. என் ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது. பழைய பேர்ல ஃபோல்டர் இல்லையா, சரின்னு அதுவே ஒண்ணு உருவாக்கிக்கிச்சு. எங்க? அதே இன்டர்னல் டிஸ்க்ல. ஏழு மாசமா தினமும் ராத்திரி, டிஸ்க்கோட ஒரு மூலைலேருந்து இன்னொரு மூலைக்குக் காப்பி எடுத்துட்டு, காலைல எனக்கு ‘வெற்றி’ன்னு மெசேஜ் அனுப்பிருக்கு. அது பொய் சொல்லலை. காப்பி எடுக்கச் சொன்னேன், எடுத்துச்சு. வேற டிஸ்க்லதான் எடுக்குறோமான்னு பார்க்க நான் சொல்லவே இல்லை.

இது எனக்கு மட்டும் நடக்குற கூத்து இல்லை. 2017 ஜனவரி 31. கிட்லேப் உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ராத்திரி வேளை, களைச்சுப்போன ஒரு இன்ஜினியர் ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்ல அழிக்கவேண்டிய ஃபோல்டரை, மெயின் சர்வர்ல அழிச்சுட்டார். ஓரிரு நொடியில புரிஞ்சு நிறுத்தினார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி.

சரி, பேக்கப்லேருந்து எடுக்கலாம்னு போனா, பேக்கப் இருக்கவேண்டிய ஃபோல்டர் காலி. பேக்கப் எடுக்குற புரோகிராமோட வெர்ஷனும் டேட்டாபேஸோட வெர்ஷனும் வேற வேறங்குறதால அது தினமும் தோத்துக்கிட்டு இருந்திருக்கு. தோத்துப்போச்சுன்னு ஈமெயிலும் அனுப்பிருக்கு. அந்த ஈமெயில்ல சரியான கையொப்பம் இல்லைன்னு மெயில் சர்வர் வாங்காம திருப்பி அனுப்பிடுச்சு. கிளவுட்ல டிஸ்க் ஸ்னாப்ஷாட்? டேட்டாபேஸ் சர்வருக்கு அதை ஆன் பண்ணவே இல்லை.

காப்பாத்தினது ஒரு தற்செயல். அழியறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி ஒரு இன்ஜினியர் டெஸ்ட் பண்றதுக்காகக் கையால ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருந்தார். அதை வச்சு மீட்டாங்க. அதுவும் ஸ்லோ டிஸ்க்ல இருந்ததால கிட்டத்தட்ட 18 மணி நேரம் ஆச்சு. நடுவுல இருந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். ஆனா ஒரு விஷயத்துக்கு அவங்களுக்குக் கும்பிடு போடணும். நடந்த எல்லாத்தையும் மறைக்காம எழுதினாங்க, மீட்கிற வேலையை யூடியூப்ல லைவாவே காட்டினாங்க.

சரி, என் ஏழு மாசத்துல என்ன போச்சு? கோடு எல்லாம் கிட்ல இருக்கு. வெளிவந்த எபிசோட் எல்லாம் நெட்ல இருக்கு. போனது ஒரே ஒரு முக்கியமான ஃபைல். மார்ச்ல பாட்டியை உட்கார வச்சு ரெக்கார்ட் பண்ணினது, 52 நிமிஷம். பாட்டி ஆகஸ்ட்ல தவறிட்டாங்க. மெமரி கார்டை எப்பவோ ஃபார்மேட் பண்ணிட்டேன், ‘அதான் மெஷின்ல இருக்கே, பேக்கப்பும் இருக்கே’ன்னு. இந்த வாரம் வந்திருக்கவேண்டிய எபிசோட் அதுதான்.

அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “வெள்ளத்துல ஆல்பம் போனப்பவே இனிமே இப்படி நடக்காதுன்னு சொன்னியேடா”ன்னார்.

2015 டிசம்பர். அப்போ நான் காலேஜ்ல சேர்ந்த புதுசு. ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் இருந்தவங்களுக்கு அந்த வாரத்தை விளக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் தரையில, அதோட பேக்கப் டிஸ்க் அதே மேஜையோட கீழ் டிராயர்ல, ஆல்பம் பக்கத்துல பீரோ அடித்தட்டுல. மூணும் ஒரே ராத்திரியில தண்ணிக்குள்ள. தி இந்து பேப்பரே 1878ல ஆரம்பிச்சதுலேருந்து முதல் தடவையா டிசம்பர் 2 அன்னிக்குச் சென்னையில அச்சாகலை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆளுங்களால போய்ச் சேர முடியலை. ஒரே இடத்துல எத்தனை காப்பி இருந்தாலும், அந்த இடத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா எல்லாம் ஒரே காப்பிதான்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. நம்ம வெயிலுக்கும் ஈரத்துக்கும் கரையானுக்கும் ஓலைச்சுவடி ரொம்ப நாள் தாங்காது. சில தலைமுறைக்கு ஒரு தடவை யாராவது உட்கார்ந்து புது ஓலையில பெயர்த்து எழுதணும். எழுதாம விட்டா அந்த நூல் அதோட காலி. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்சு 1887ல கொண்டு வந்தப்போ செஞ்சது என்ன? பல ஊர்கள்லேருந்து சுவடிகளைத் தேடி வாங்கி, ஒண்ணுல சிதைஞ்ச இடத்தை இன்னொண்ணை வச்சு ஒப்பிட்டுச் சரிபண்ணினார். டிடிரெஸ்க்யூ பண்ற வேலையை மனுஷன் கண்ணால பண்ணிருக்கார். அவர் பேர்ல 1943ல ஆரம்பிச்ச நூல்நிலையம் இப்போ பெசன்ட் நகர்லதான் இருக்கு. எங்க வீட்டுலேருந்து ரொம்பத் தூரம்கூட இல்லை. அந்தச் சுவடிகள் வேற வேற ஊர்ல, வேற வேற வீட்டுல இருந்ததாலதான் அது முடிஞ்சது.

இதை யோசிச்சப்போதான் திருநெல்வேலி அத்தை ஞாபகம் வந்துச்சு. ஏப்ரல்ல அத்தை, “அம்மா பேசினதை அனுப்புடா”ன்னு கேட்டாங்க. முழு ஃபைல் பெருசுன்னு, ஒரு பகுதியைச் சின்ன எம்பி3யா மாத்தி வாட்ஸ்அப்ல அனுப்பினேன். போன் பண்ணிக் கேட்டேன். “இருக்குதே, வெள்ளிக்கிழமை விளக்கேத்திட்டு அதைத்தான் போட்டுக் கேட்பேன்”னாங்க. 38 நிமிஷம் திரும்பி வந்துச்சு. குவாலிட்டி சுமார். ஆனா பாட்டி குரல்.

மிச்சம் 14 நிமிஷம் வரலை. அதுல பாட்டி கல்யாணமாகி ஆதம்பாக்கம் வந்த புதுசுல ஏரியும் கிணறும் எப்படி இருந்துச்சுன்னு சொன்னாங்கன்னு தெரியும். என்ன வார்த்தையில சொன்னாங்கன்னு ஞாபகம் இல்லை.

இப்ப நான் மாத்தினது என்னன்னு சொல்லிடுறேன். மூணு காப்பி, ரெண்டு வேற வகை மீடியா, அதுல ஒண்ணு வேற ஊர்ல. 3-2-1ன்னு சொல்வாங்க, பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராபர் பரப்பின விதி. என் மூணாவது காப்பி இப்போ அத்தை வீட்டு அலமாரியில, பூட்டுப் போட்ட மாதிரி என்க்ரிப்ட் பண்ணின ஒரு டிஸ்க்ல. அதோட பாஸ்வேர்டு பேப்பர்ல எழுதி அப்பாகிட்ட இருக்கு. பாஸ்வேர்டும் அதே மெஷின்ல இருந்தா வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டின கதைதான்.

பேக்கப் டிஸ்க்ல ஒரு சின்ன அடையாள ஃபைல் போட்டு வச்சிருக்கேன். அது கண்ணுல பட்டாத்தான் ஸ்கிரிப்ட் ஓடும், இல்லைன்னா நின்னுடும். ‘வெற்றி’ மெசேஜை நிறுத்திட்டேன். தினமும் வர்றதை ஒரு வாரத்துக்கு மேல யாரும் படிக்கிறதில்லை. அதுக்குப் பதிலா, ஒரு நாள் பேக்கப் வந்து சேரலைன்னா வேற ஒரு மெஷின்லேருந்து எச்சரிக்கை வரும்.

இன்னொண்ணு, கிளவுட் சிங்க்கை மட்டும் நம்பாதீங்க. இங்க அழிச்சா அங்கயும் அழியும். ரெய்டும் அப்படித்தான். ஒரு டிஸ்க் செத்தா தாங்கும், நீங்களே தப்பா அழிச்சா தாங்காது. கிளவுட்லயே பேக்கப் இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்க: 1 டிபியை 100 எம்பிபிஎஸ் லைன்ல முழு வேகத்துல இறக்கினாலே 22 மணி நேரம் ஆகும்.

கடைசியா ஒண்ணு. மாசம் முதல் ஞாயிறு, பேக்கப்லேருந்து ஏதாவது ஒரு ஃபைலை வேற மெஷினுக்கு ரெஸ்டோர் பண்ணித் திறந்து பார்க்குறேன். பத்து நிமிஷ வேலை. ஏழு மாசத்துல ஒரே ஒரு தடவை அதைச் செஞ்சிருந்தா பாட்டி பேசின 52 நிமிஷமும் இருந்திருக்கும்.

இந்த எபிசோடை நிறுத்தினதும் வேற எதுவும் செய்ய வேண்டாம். உங்க பேக்கப்லேருந்து ஒரு போட்டோவை எடுத்துத் திறந்து பாருங்க. திறந்துச்சுன்னா சந்தோஷம். திறக்கலைன்னா, இன்னிக்கே தெரிஞ்சுக்கிட்டதுக்குச் சந்தோஷம்.

அடுத்த வாரம் பாட்டியோட 38 நிமிஷத்தோட வரேன்.