சிதறடிப்பரா, மிதித்தழிப்பரா? – இறந்த மொழியின் ஒரு வினைச்சொல்



ஒரு மொழி இறந்துபட்டால், அதன் பெயர்ச்சொற்கள் சில ஒருவாறு பிழைத்துக் கொள்கின்றன. மன்னர் பெயரும் ஊர்ப்பெயரும் பிறர் நூல்களில் தங்கிவிடும். வினைச்சொற்களுக்கோ அப்பேறு அரிது. அவை பேசுவோர் நாவோடு மாய்ந்துபோகும். அவ்வாறு மாய்ந்து, ஒரு கல்லால் மீண்ட வினையொன்று உண்டு.

இற்றைத் துருக்கியின் மேற்கே பண்டு இலிதியா என்னும் நாடு இருந்தது. சார்திசு அதன் தலைநகர். கி.மு. 546-ஆம் ஆண்டளவில் பாரசீக மன்னன் சைரசு அதனை வென்றான். இத்தைத்து மொழியோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது இலிதியம். அம்மொழியில் கிடைத்துள்ள பொறிப்புகள் நூற்றுக்குச் சற்றே மிகுதி; அவற்றுட் பல சிதைந்தவை.

1910 முதல் 1914 வரை அமெரிக்க அறிஞர் பட்லர் சார்திசில் நடத்திய அகழாய்வில், இலிதியமும் அரமேயமும் ஒருங்கே பொறித்த கல்லொன்று கிடைத்தது. அதனைச் செருமானிய அறிஞர் என்னோ இலித்மன் 1916-இல் வெளியிட்டார். அருத்தசெருக்கசு மன்னனின் பத்தாம் ஆட்சியாண்டில் மானேசு என்பானுக்கு எழுந்த கல்லறைக் கல் அது. அதன் இறுதியில் ஒரு சாவம் உளது: இக்கல்லறைக்குக் கேடு செய்வான் எவனோ, அவனுடைய முற்றம், வீடு, மண், நீர், உடைமை அனைத்தையும் எபேசின் ஆர்த்தமிசும் கொலோயேயின் ஆர்த்தமிசும்... இங்கே வருகிறது அவ்வினை. ‘வ்ச்பகெந்த்’ என அதனைத் தமிழெழுத்தில் ஒருவாறு குறிக்கலாம்.

இதற்குப் பொருள் யாது? சொற்றொடரின் அமைப்பு முதற்சான்று. செய்வோர் தெய்வங்கள்; செயப்படுபொருள் தீயோன் உடைமை; எனவே அழிவுப் பொருளே தகும். அரமேயப் பகுதி இரண்டாம் சான்று. அங்கே நிற்கும் வினைக்குச் ‘சிதறடிப்பர்’ என்பது பொருள். அங்ஙனமாயின் இலிதிய வினையும் அதுவே எனத் துணியலாமோ? ஆகாது. அரமேயம் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பன்று. இலிதியத்தில் இல்லாத ‘வழித்தோன்றல்’ அங்கே சேர்ந்துளது. கேடு செய்தலைக் குறிக்க இங்கே ஒரு வினை, அங்கே இரண்டு. இதனாலேயே வேரை ஆய்ந்து, ‘மிதித்தழிப்பர்’ எனக் கொண்டோரும் உளர்.

சிதறடித்தல் வேறு; மிதித்தல் வேறு. ஒன்று கையால் வீசுவது. மற்றொன்று காலால் நசுக்குவது. இரண்டன் முடிவும் அழிவே. அம்முடிவு உறுதியாயிற்று, அச்சொல்லுள் உறைந்த காட்சியோ இன்றும் வழக்கிலுள்ளது. ஒலியொப்புமை ஒன்றையே பற்றிப் பொருளுரைப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடமும் இணையும் வேரும் ஒருங்கு பொருந்தினாலன்றிச் சொற்பொருள் நிலைபெறாது.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. அரமேயம் பாரசீகப் பேரரசின் ஆட்சிமொழி. தன்னை வென்றோரின் ஆட்சிமொழி அருகில் நின்றதனாலேயே இலிதிய வினை இன்று ஓரளவேனும் விளங்குகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் இசுட்ராபோ, இலிதிய நாட்டிலேயே இலிதிய மொழியின் சுவடு இல்லை என்று எழுதி வைத்தார்.

மானேசின் காலத்தில், சார்திசுத் தெருவில் ஆடிய சிறுவன் ஒருவனைக் கேட்டிருந்தால், அவ்வினையின் பொருளை ஒரு நொடியிற் சொல்லியிருப்பான். 1916 முதல் அறிஞர் பலர் கூடி ஆய்ந்தும் அச்சிறுவன் அறிந்த அளவு அறியக்கூடவில்லை. கல் காத்தது எழுத்தையே. பொருளைக் காக்க வல்லது பேசும் நா ஒன்றே!