பதினேழு கற்கள்



தொல்காப்பியர் எழுத்துக்கு மாத்திரை வகுத்தபோது கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் அளவாகக் கொண்டார். அந்தக் கை நொடிப்பிலிருந்து வந்த சொல்லையே இன்று மணிக்கூட்டின் ஒரு செக்கனுக்கும் வழங்குகிறோம். முல்லைப்பாட்டின் பாசறையிலே நீர் வட்டிலைப் பார்த்து அரசனுக்கு நேரம் அறிவிப்போர் வருகிறார்கள். உடம்பாலும் நீராலும் அளந்த காலத்தைச் சுருள்வில்லால் அளக்கத் தொடங்கியது வெகு பின்னால். அந்தச் சுருள்வில்லைப் பற்றியும் அதனைக் கையாளும் விரல்களைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன். இலக்கியத் தொடரில் மணிக்கூட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும்.

என் அப்பாவிடம் ஒரு சுவிஸ் கைமணிக்கூடு இருந்தது. அதன் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். உள்ளே பதினேழு இரத்தினக் கற்கள் இருப்பதாகவும், கஷ்டம் வந்தால் விற்றுக் கொள்ளலாம் என்றும் சிறுவயதில் நம்பியிருந்தேன். கற்கள் இருந்தது உண்மைதான். ஆனால் அவை இரத்தினபுரி மண்ணில் தோண்டியவை அல்ல. பிரெஞ்சு இரசாயனவியலாளர் வெர்நுயி 1902இல் வெளியிட்ட முறைப்படி அலுமினிய ஒட்சைட்டை உருக்கி வளர்த்த செயற்கை மாணிக்கங்கள் அவை. விலை சொற்பம்.

அவை இருப்பது அழகுக்காக அல்ல. உருக்கு அச்சின் நுனி பித்தளைத் துளையில் சுழன்றால் துளை தேய்ந்து அகன்றுவிடும். மாணிக்கத் துளையில், ஊசிமுனையளவு எண்ணெயுடன் சுழன்றால் பல்லாண்டு தேயாது. கல்லில் துளையிட்டு அச்சைத் தாங்கும் இந்த உபாயத்துக்கு 1704இலேயே இலண்டனில் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். பதினேழு என்பது விளம்பரக் கணக்குமல்ல. முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சில்லுக்கு ஐந்து, பல்லைப் பிடித்து விடும் நெம்புக்கு இரண்டு, மற்ற ஐந்து அச்சுகளுக்கும் இரு நுனிக்கு இரண்டாகப் பத்து. கூட்டிப் பாருங்கள்.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் கல்முனைக் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்திய ஒரு முஸ்லிம் பெரியவர். அப்பாவும் நானும் அவரைக் ‘காக்கா’ என்றே அழைப்போம். 1990இல் அப்பா அந்த மணிக்கூட்டைச் சுத்தம் செய்ய அவரிடம் கொடுத்திருந்தார். ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதன்பின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போக அஞ்சிய மாதங்கள். மறுவருடம் அப்பா தயங்கித் தயங்கிப் போனபோது, மணிக்கூடு அவர் பெயர் எழுதிய காகித உறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓடாமல் கிடந்தால் எண்ணெய் இறுகிவிடும் என்று இடைக்கிடை சாவி கொடுத்து வைத்தாராம். வாங்கியது பழைய கூலி.

மணிக்கூட்டின் சூட்சுமம் என்னவென்று ஒருமுறை கேட்டேன். “உடுறது இல்ல தம்பி, புடிக்கிறதுதான்” என்றார். எங்கள் பகுதி விவசாயிகளுக்கு இது உடனே விளங்கும். சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கிய நீரை அப்படியே திறந்துவிட்டால் வயலும் இல்லை, ஊரும் இல்லை. அளந்து விட வேண்டும். சாவி கொடுத்து இறுக்கிய மெயின் ஸ்பிறிங்கும் ஒரே மூச்சில் விரியத்தான் பார்க்கிறது. நெம்பு குறுக்கே நின்று, ஒரு சில்லின் பற்களை ஒவ்வொன்றாகவே நழுவ விடுகிறது. அதற்குத் தாளம் சொல்வது பேலன்ஸ் சில்லும் அதன் நடுவே உள்ள மயிரிழை போன்ற ஹெயார் ஸ்பிறிங்கும். நாம் கேட்கும் ‘டிக் டிக்’ என்பது பிடித்து விடும் ஓசையே. அப்பாவின் மணிக்கூட்டில் அது நொடிக்கு 5 தடவை, நாளொன்றுக்கு 4,32,000 தடவை. நற்சான்று பெறும் சுவிஸ் குரோனோமீற்றர் ஒன்று, 86,400 நொடி கொண்ட நாளிலே சராசரியாக 4 நொடிக்கு மேல் பிந்தவோ 6 நொடிக்கு மேல் முந்தவோ கூடாது. வெறும் வில்லும் சில்லும் கொண்டு இதைச் சாதிக்கிறார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆழிப்பேரலை மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். எங்கள் வீட்டில் உயிர்கள் தப்பின. மூன்றாம் நாள் அலுமாரி இலாச்சிச் சேற்றுக்குள் மணிக்கூடு கிடந்தது. வெயிலில் காயவைத்து, இரண்டு கிழமை கழித்துக் காக்காவிடம் கொண்டுபோனேன். மேசையெங்கும் மணிக்கூடுகள். பலவற்றின் முட்கள் ஒன்பதுக்கு முன்பின்னாக நின்றிருந்தன. சிலவற்றைக் கொண்டுவந்தவர்கள் அவற்றைக் கட்டியிருந்தவர்கள் அல்லர்.

“தம்பி, உப்புத் தண்ணி பட்டாக் காய வெக்கக் கூடா. நல்ல தண்ணிக்குள்ள போட்டு அப்பிடியே கொண்டாரணும். காயக்குள்ளதான் துரு ஏறும்” என்றார். படித்தவன் செய்த வேலை அது.

ஹெயார் ஸ்பிறிங் துருவேறி அறுந்திருந்தது. அதே வகையான பழைய மணிக்கூடொன்றிலிருந்து அதையும் பேலன்ஸ் சில்லையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார். இரண்டு அச்சுகளும் மாறும். “அப்படியெண்டால் இது அப்பாட மணிக்கூடுதானா, காக்கா?” என்று கேட்டுவிட்டேன். அவர் சாவணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தகட்டில இருக்கிற கல்லெல்லாம் அதேதான் தம்பி. கல்லுக்குத் துரு புடிக்கா.”

அன்று அவர் தம் கண்ணில் வைத்திருந்த லென்சை என் கண்ணில் வைத்து, கழற்றிய தகட்டைப் புரட்டிக் காட்டினார். முகப்புக்கு அடியில், மூடிவிட்டால் எவரும் காணாத இடத்தில், மீன் செதில்போல் சின்னஞ்சிறு வட்டங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டிருந்தன. அம்மா மருதமுனைத் தறிச் சேலையை எப்போதும் மறுபக்கம் திருப்பிப் பார்த்தே வாங்குவார். ஏன் என்று அன்றுதான் விளங்கியது.

உலகில் மிக விலையுயர்ந்த மணிக்கூடுகளின் விலையும் பெரும்பாலும் இந்த மறுபக்கத்துக்கான விலையே. வைரம் பதித்தவற்றை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பொற்கொல்லர் வேலை. சுவிற்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில், நீண்ட பனிக்காலங்களில் வீட்டுக்குள் அடைபட்ட விவசாயிகள் மணிக்கூட்டு உறுப்புகள் செய்து பழகினார்கள். அங்கே பிறந்த பிலிப் டுஃபூர், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றைப் பட்டறையாக்கிக் கொண்டவர். 2000இல் அவர் வெளியிட்ட ‘சிம்பிளிசிட்டி’ என்ற கைமணிக்கூடு மணி, நிமிடம், நொடி தவிர வேறெதையும் காட்டாது. செய்தவை 200க்குச் சற்று அதிகம். 2020 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் ஒன்று பத்து லட்சம் சுவிஸ் பிராங்கைத் தாண்டிப் போயிற்று. உள்ளே ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் சாய்வாக அராவி, ஜென்ஷன் என்னும் மலைச்செடியின் காய்ந்த தண்டால் தேய்த்துக் கண்ணாடியாக்குகிறார். இரு விளிம்புகள் உட்புறமாகச் சந்திக்கும் கூர்மூலையில் சுழலும் கருவி நுழையாது. அங்கே கை மட்டுமே போகும். தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

பிரெகே 1801இல் காப்புரிமை பெற்ற டூர்பியோனையும் சொல்லாமல் விடக்கூடாது. சட்டைப்பையில் நிமிர்ந்தே நிற்கும் மணிக்கூட்டில் புவியீர்ப்பால் வரும் பிழையைச் சமப்படுத்த, தாளமிடும் பகுதி முழுவதையும் ஒரு கூட்டிலிட்டுச் சுழலவிட்டார். ஓயாமல் அசையும் மணிக்கட்டில் அதற்குப் பெரிய அவசியமில்லை. ஆனாலும் செய்கிறார்கள், பெரும் விலைக்கு விற்கிறார்கள். நம் சித்திரகவிகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலைமாற்றுப் பாடலைப் பொருளுக்காகவா படிக்கிறோம்?

நேரம் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், மலிவான குவாட்ஸ் மணிக்கூடு இவை எல்லாவற்றையும் வென்றுவிடும். இதை ஒளிப்பதில் பயனில்லை. 1969 டிசம்பர் 25இல் சீக்கோ நிறுவனம் முதலாவது குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டது. 1970 அளவில் ஏறக்குறைய 90,000 பேர் உழைத்த சுவிஸ் தொழில், பதினைந்து ஆண்டுகளில் மூன்றிலொரு பங்காகச் சுருங்கியது. எங்கள் ஊர்களுக்கும் மத்திய கிழக்கிலிருந்து வந்த பயணப் பெட்டிகளில் பற்றரி மணிக்கூடுகள் வந்திறங்கின. பழுதானால் எறிந்துவிட்டு வேறு வாங்குவதே இலாபம் என்றாயிற்று. சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் எல்லை மலைப்பகுதியின் மணிக்கூட்டுக் கைவினையை 2020இல் யுனெஸ்கோ மானுட மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம். கல்முனையில் அதே வில்லையும் அதே சில்லையும் ஒரு மேசை விளக்கின் கீழ் நாற்பது வருடம் பிரித்துப் பூட்டிய கையை எந்தப் பட்டியலும் அறியாது.

காக்காவின் மகன் அதே கடையில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, குடும்பம் ஓட வேண்டுமே. மணிக்கூட்டு வேலை பழக ஒருவரும் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் மணிக்கூடு பிந்தத் தொடங்கியபோது வீடு தேடிப் போனேன். காதில் வைத்துக் கேட்டார். எண்ணெய் இறுகிவிட்டது, கழுவிப் போட்டால் சரியாகும் என்றார். பிறகு மூடியைத் திறக்காமலே என் கையில் திருப்பித் தந்தார். “கை நடுங்குது தம்பி. நடுங்குற கையால இதத் தொறக்கப்படா.”

அது இப்போது நாளுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது. காலையில் வானொலி நேரம் சொல்லும்போது சாவி கொடுத்து, முள்ளை நகர்த்தி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறேன். இன்று இங்கு வருமுன்னரும் அப்படித்தான் செய்தேன்.