சர்க்கார் கணக்கும் ஜனங்கள் கணக்கும்

(கம்பத்தில் கூடிய நமது சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யுத்தத்தைப் பற்றியும் பயங்கரச் செயல்களைப் பற்றியும் சர்க்கார் சொல்லுவதை ஜனங்கள் ஏன் நம்ப மறுக்கின்றனர், அங்ஙனம் மறுப்பது எவ்வளவு தூரம் நியாயம் என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி நிர்வாகிகள் கேட்டுக்கொண்டனர். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் முதலிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலர் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்கள். ஆகையால் இது நமக்கு வெறும் பத்திரிகை விஷயமன்று; வீட்டு விஷயம்.

2025-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி காஷ்மீரத்துப் பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றனர். மே 7-ந் தேதி நம் படைகள் பதிலடி தொடங்கின. அந்நாட்களில் கராச்சித் துறைமுகம் அழிந்தொழிந்தது என்று நம் தேசத்துத் தொலைக்காட்சிகள் சில கூவின. அஃது அழியவில்லை. நம் விமானங்கள் ஏதேனும் வீழ்ந்தனவா என்ற கேள்விக்கோ பல நாள் நேரான பதில் கிடைக்கவில்லை. மே 31-ந் தேதி முப்படைத் தலைமைத் தளபதி சிங்கப்பூரில் பேசியபோதுதான் இழப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். எத்தனை என்று சொல்லவில்லை. யுத்த காலத்தில் சில இரகசியங்கள் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பிள்ளையை எல்லைக்கு அனுப்பிவிட்டு உறக்கமின்றி இருக்கும் தாயை, பொய்க் கூச்சலும் வருத்துகிறது; மௌனமும் வருத்துகிறது.

இந்த அவநம்பிக்கை நேற்று முளைத்ததன்று. நம் சமூகத்தில் அதற்கு நூறு வயதுக்கு மேலாகிறது. பிறந்த குலத்தையே குற்றமாக்கிய 1911-ஆம் வருஷத்துச் சட்டத்தை நம் பெரியவர்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றனர். கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்கள்மேல் 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டனர். சர்க்கார் பாஷையில் அது கலகம். உசிலம்பட்டிச் சீமையின் பாஷையில் படுகொலை. மாண்டவர் 16 பேர் என்றும், அவர்களில் மாயக்காள் என்னும் பெண்மணி அடிபட்டோருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்றும் ஊரார் இன்றும் சொல்லி, வருஷந்தோறும் அஞ்சலி செலுத்துகின்றனர். ‘ரோசாப்பூ துரை’ என்று நம்மவர் அன்போடு அழைத்த மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் நமக்காக வாதாடினார். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது 1947-இல்தான்.

அதற்கு ஓராண்டு முன், 1919 ஏப்ரல் 13-ந் தேதி, அமிர்தசரஸில் ஜாலியன்வாலாபாகில் 1,650 குண்டுகள் சுடப்பட்டன. சர்க்கார் முதலில் சொன்ன தொகை மிகக் குறைவு. சேவா சமிதி என்னும் தொண்டர் சங்கத்தார் விசாரித்து விசாரித்துப் பெயர்களைச் சேர்த்தனர். அவர்கள் கண்ட 379 என்னும் எண்ணையே ஹண்டர் கமிட்டியும் ஏற்கவேண்டியதாயிற்று. காங்கிரஸ் விசாரணையோ ஆயிரம் பேர் வரை மாண்டிருப்பர் என்றது. முழுத் தொகை இன்றும் தர்க்கத்தில் இருக்கிறது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: சர்க்கார் கணக்கை உயர்த்தியது வதந்தியன்று, கோபமன்று, பெயர் எழுதிய நோட்டுப் புத்தகம்.

சுயராஜ்யம் வந்தபின் இவையெல்லாம் மாறிவிட்டனவா? 2000 மார்ச்சில் காஷ்மீரத்துச் சிட்டிசிங்புராவில் 35 சீக்கியர் கொல்லப்பட்டனர். ஐந்து நாள் கழித்து, அதைச் செய்த அந்நியப் பயங்கரவாதிகள் ஐவரைப் பத்ரிபலில் சுட்டுவிட்டோம் என்று அறிவித்தனர். மாண்டவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள் என்று அக்கம்பக்கத்துக் கிராமத்தார் கதறினர். புதைத்த உடல்களைத் தோண்டி மரபணுச் சோதனை செய்ததில் கிராமத்தார் சொன்னதே மெய்யாயிற்று. மத்தியப் புலனாய்வுத் துறை 2006-இல் இராணுவ அதிகாரிகள்மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது; 2014-இல் இராணுவம் சாட்சியம் போதாது என்று வழக்கை மூடிற்று. விசாரணைக்கு முன்னே ஒரு பட்டம் சூட்டினால் என்ன ஆகும் என்பதை ‘குற்றப்பரம்பரை’ என்ற பட்டத்தைச் சுமந்த நம்மைவிட யார் அறிவார்?

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதுவே கதை. 2009 மே மாதம் வன்னியில் யுத்தம் முடிந்தபோது, பொதுமக்கள் உயிரிழப்பே கூடாது என்பது தங்கள் கொள்கை என்று அச்சர்க்கார் உலகறியச் சொல்லிற்று. 2011-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு, 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்றது. அதே ஆண்டு இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் சொந்த அறிக்கையே உயிரிழப்பைத் தவிர்க்க இயலவில்லை என்று இறங்கி வந்தது. 2017 முதல் கிளிநொச்சியில் தாய்மார் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவில் அமர்ந்தனர். அந்நாட்டுத் தமிழர் நம் மாவட்டத்து மறுவாழ்வு முகாம்களிலும் வாழ்கின்றனர்.

ஆனால் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் ஒரு முறை பொய் சொன்னது என்பதால், மறுமுறை கைப்பேசியில் வருவதெல்லாம் மெய்யாகிவிடாது. பஹல்காமில் 26 பேர் மாண்டது யாரும் கட்டிய கதையன்று. அப்படிச் சொல்லுவோர் மாண்டவரை மறுபடி கொல்லுகின்றனர். கேட்பதெல்லாம் நம்புகிறவனும், எதையுமே நம்பாதவனும் விசாரிக்கும் சிரமத்தை விட்டவர்களே.

ஆகவே இரண்டு காரியங்களைச் சங்கத்தின்முன் வைக்கிறோம். ஒன்று: பட்டாளத்திலும் போலீஸிலும் உள்ள, அங்கே உயிர்நீத்த நம்மவர், சுடப்பட்டு மாண்ட நம்மவர் எல்லோருடைய பெயர், ஊர், தேதி ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு ஒன்றைத் தொடங்கவேண்டும், வீட்டார் சொல்லுவதும் சர்க்கார் சொல்லுவதும் எதிரெதிரே எழுதப்படவேண்டும். மற்றொன்று: 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேள்வி கேட்கப் பழகவேண்டும். அதன் 24-ஆம் பிரிவு பாதுகாப்பு ஸ்தாபனங்கள் பலவற்றுக்கு விலக்களிக்கிறது. ஆயின் மனித உரிமை மீறல் பற்றிய புகாருக்கு அவ்விலக்குப் பொருந்தாது.

பெருங்காமநல்லூரில் நம் முன்னோர்க்கு எழுத்தில்லை. நினைவு ஒன்றே இருந்தது. அதைக் கொண்டே நூறு வருஷம் காத்தனர். நமக்கு எழுத்தும் இருக்கிறது. அதை வீணாக்காதிருப்போமாக.