லீவு லெட்டரில் விடுபட்ட சொல்

(கடலூர் முதுநகரில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வேர்ச்சொல் தலித் இலக்கியக் கூடுகைக்கு ஒருநாள் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் அதற்கு முந்தின நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வங்கியில் லீவு லெட்டரை நீட்டினேன். 'என்ன சார் விசேஷம்?' என்றார் மேனேஜர். 'இலக்கியக் கூட்டம்.' 'பட்டிமன்றமா?' 'ஆமா சார்.'

தலித் என்ற மூன்றெழுத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெயரில் கவிதை எழுதுகிறவன் நான். சாதிச் சான்றிதழைக் கொடுத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். சாதியை எழுதிக் கொடுக்க முடிந்தது; சாதியை எதிர்க்கிற சொல்லைச் சொல்ல முடியவில்லை. 'கோட்டா ஆளு' என்று முதுகுக்குப் பின்னால் கேட்கிற முணுமுணுப்பு அப்படி.

மறுநாள் அரங்கத்தில் காலையிலிருந்து இருட்டும்வரை அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் பேசினார்கள். நீலம் பண்பாட்டு மையம் ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுவதன் ஒரு பகுதி இது. கல்லூரிப் பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கைதட்டலும் என் கன்னத்தில் விழுவதுபோல இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் பெயர்களையே யோசித்தேன். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். நாலு பக்கம், இரண்டணா. இன்னான் என்று துணிந்து முன்வந்தால்தான் சுதந்திரம் என்பது அவர் வாதம். அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அது எதிரிகள் சுமத்தியது என்றார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். இதோ பக்கத்தில், சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பெயர். கோயிலுக்குள் நுழைய நெருப்பில் இறங்கியவர் என்று புராணம் சொல்கிறவரின் பெயரை, பிள்ளைகள் தினமும் நடந்து நுழைகிற வாசலுக்கு வைத்தார்.

எந்தப் பெயர் என்பதில் அவர்களுக்குள் சண்டை இருந்தது. ஒருத்தரும் மறைக்கவில்லை. மாதச் சம்பளமும் யூனியனும் இருக்கிற நான்தான் மறைத்தேன்.

திங்கட்கிழமை மேனேஜர் கேட்டார்: 'பட்டிமன்றம் எப்படி? நடுவர் யாரு?'

'பட்டிமன்றம் இல்ல சார். தலித் இலக்கியக் கூட்டம்.'

'ஓ' என்றார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான்.

மத்தியானம், கூட்டிப் பெருக்கவும் டீ வாங்கவும் தினக்கூலியில் இருக்கிற தம்பி என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: 'அடுத்த கூட்டம் எப்ப சார்? எனக்கும் சொல்லுங்க.'

இந்தக் கூட்டத்துக்குச் சொன்னேன். வந்திருக்கிறார்.